கறுப்புக் காய்னா பதுங்கித்தான் ஆடணுமா?



போன மாதம் இந்தச் சுவரில் 'மரம் வளர்ப்போம்' கட்டுரை வந்தது. அதற்கு முந்தின மாதம் 'நெகிழியைத் தவிர்ப்போம்'. ரெண்டும் நல்ல கட்டுரைதான். ஆனா அதுல யாரும் யாரோடும் சண்டை போடல. நான் இந்த மாதம் கொஞ்சம் சண்டை போடப் போறேன். பெரியவங்க கோவிச்சுக்காதீங்க.

விஷயம் இதுதான். போன மாதம் நடந்த சதுரங்கப் போட்டியில், மூணாவது சுற்றில் நான் தோத்துட்டேன். எனக்குக் கறுப்புக் காய். மூணாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைத் தூக்கிக் குடுத்தேன். கடைசியில் 27-ஆவது நகர்த்தலில் செக்மேட். வேன்ல திரும்பி வரும்போது எல்லாரும் அந்தச் சிப்பாயைப் பத்தியேதான் பேசினாங்க. "கர்ணனுக்குத் தங்கச்சி இருந்தது இப்பத்தான்டா தெரியுது"ன்னு ஒரு அண்ணன் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ஜன்னல் பக்கம் திரும்பி மலைக்கோட்டையைப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

மறுநாள் சார் சொல்லிட்டாங்க. "மாவட்டப் போட்டிக்கு உன்னையக் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒரு கண்டிஷன். கறுப்புக் காய் வந்தா அந்தக் காம்பிட் கீம்பிட்டெல்லாம் கூடாது. பதுங்கி ஆடு. டிராவாவது கிடைக்கும்."

சார் சொன்னா கேட்டுக்கணும். ஆனா எதையும் ஏன், எதுக்குன்னு கேளுங்கன்னு வகுப்பில் சொல்லிக் குடுத்ததும் அதே சார்தான். அதனால் கேக்குறேன்.

முதலில் காம்பிட் என்றால் என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை (சில நேரம் பெரிய காயையும்) வேணும்னே எதிராளிக்கு வெட்டக் குடுத்து, அதுக்குப் பதிலா வேற ஒரு லாபத்தை எடுத்துக்கிறதுதான் காம்பிட். இது இத்தாலிய மொழியில் காலை இடறி விடுவதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்ததாம். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோப்பஸ் 1561-இல் வெளிவந்த தன் சதுரங்க நூலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். நம்ம ஊர்ல சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடின்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதுதான்.

வெள்ளைக் காயில் காம்பிட் ஆடினா யாரும் திட்ட மாட்டாங்க. "தைரியமா ஆடுறா"ன்னு சொல்வாங்க. கறுப்பில் ஆடினாத்தான் "திமிரு"ன்னு சொல்றாங்க. காரணம் இருக்கு. சதுரங்கத்தில் வெள்ளைதான் முதல்ல நகர்த்தும். உலகம் முழுக்க நடந்த ஆட்டங்களைக் கணக்குப் பார்த்தா, வெள்ளைக்கு நூற்றுக்கு 52 முதல் 56 புள்ளி வரை கிடைக்கிறது. அதாவது கறுப்பு ஏற்கெனவே ஒரு அடி பின்னால நிக்குது. பின்னால நிக்கிறவ கையில் இருக்கிறதையும் குடுக்கலாமா? இதுதான் சாரோட கேள்வி. நியாயமான கேள்விதான்.

தமிழ் ஐயா இன்னும் ஒரு படி மேலே போய்த் திருக்குறளையே எடுத்துட்டாங்க. 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கு. பின்னால வரப்போற லாபத்தை எண்ணிக் கையில் இருக்கிற முதலை இழக்கிற வேலையை அறிவுள்ளவங்க செய்ய மாட்டாங்கன்னு அதோட பொருள். "வள்ளுவரே உன் காம்பிட்டுக்கு எதிர்க்கட்சிம்மா"ன்னு ஐயா சொன்னதும் வகுப்பே சிரிச்சிருச்சு.

அன்னைக்கு ராத்திரி அந்த அதிகாரத்தைப் பத்துக் குறளும் படிச்சேன். முதல் குறளே என் பக்கம் பேசுது ஐயா! எது அழியும், அதனால எது கிடைக்கும், கடைசியில் மிச்சப்படுற லாபம் என்ன, மூணையும் யோசிச்சுட்டுச் செய்யுன்னு அதில் வருது. யோசிக்காம இழக்காதேன்னுதான் வள்ளுவர் சொல்றார், எப்பவுமே இழக்காதேன்னு சொல்லல. அப்புறம் முதல் என்பது எது? சதுரங்கத்தில் ராணிக்கு 9 மதிப்பு, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. ராஜாவை விட்டுட்டு எல்லாத்தையும் கூட்டினா 39 வரும். 39-இல் 1-ஐக் குடுக்கிறது முதலை இழக்கிறதாகுமா? கடைக்காரர் வெள்ளரிக்காயைக் கீறி ஒரு துண்டு ருசி பார்க்கக் குடுக்கிறாரே, அவர் முதல் போச்சுன்னு அழுவாரா?

சரி, அந்த 1-க்குப் பதிலா என்ன கிடைக்குது? நான் ஆடினது 'வோல்கா காம்பிட்'. திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்தில் இருந்து எங்க அத்தை எடுத்துட்டு வந்த ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். ரஷ்யாவில் ஓடுற வோல்கா ஆத்தோட பேரு. ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போன பால் பெங்கோ என்ற கிராண்ட்மாஸ்டர் இதை நிறைய ஆடி, புத்தகமும் எழுதினதால 'பெங்கோ காம்பிட்'னும் சொல்வாங்க.

வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6. வெள்ளை சி4, கறுப்பு சி5. வெள்ளை டி5, கறுப்பு பி5. இந்த பி5-தான் தானம் பண்ற சிப்பாய். வெள்ளை வெட்டினதும் கறுப்பு ஏ6 போகும். அதையும் வெட்டினா மந்திரி வந்து ஏ6-இல் உக்காரும்.

இப்ப பலகையைப் பாருங்க. கறுப்புக்கு ஒரு சிப்பாய் கம்மி. ஆனா இடது ஓரத்தில் ஏ, பி என்ற ரெண்டு வரிசையும் நம்ம யானைங்களுக்குத் திறந்து கிடக்கு. இன்னொரு மந்திரி ஜி7-க்குப் போனா, அந்த மூலையில் இருந்து எதிராளியோட மூலை வரைக்கும் குறுக்கா பார்க்கும். வெள்ளை இ4 தள்ளினா, நம்ம ஏ6 மந்திரி எஃப்1-இல் இருக்கிற மந்திரியை வெட்டும். அதை ராஜாவாலதான் திருப்பி வெட்ட முடியும். ராஜா நகர்ந்துட்டா அப்புறம் கோட்டை கட்ட முடியாது. இதெல்லாம் ஒரே ஒரு சிப்பாய்க்கு! அதுவும் இந்த அழுத்தம் ராணிங்க வெட்டுப்பட்டுப் போன பிறகும் குறையாது. நாலு பக்கமும் பூட்டுப் போட்ட வீட்டில் ஒரு சாவியைக் குடுத்து ரெண்டு கதவைத் திறந்த மாதிரி. பூட்டு ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அப்புறம் ஏன் தோத்தேன்? இதுதான் முக்கியம். என் ஆட்டத் தாளை வீட்டில் வச்சு மறுபடி ஆடிப் பார்த்தேன். சிப்பாயைக் குடுத்தது மூணாவது நகர்த்தல். தப்பு நடந்தது ஒன்பதாவதில். ஜி7-க்கு மந்திரியைக் கொண்டு போய் ராஜாவுக்குக் கோட்டை கட்டாம, அவசரமா ராணியைத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போனேன். எதிராளி அக்கா நடுச் சிப்பாயைத் தள்ளித் தள்ளி என் குதிரையை விரட்டினாங்க. ராஜா நடுவீதியில் மாட்டிக்கிச்சு. சாம்பாரில் உப்பு கூடினா உப்பைத்தான் குறைக்கணும். அதுக்காகச் சாம்பாரே வைக்கக் கூடாதுன்னு சொல்லலாமா?

பெரிய ஆளுங்களும் இப்படித் தோத்திருக்காங்க. 1918-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மார்ஷல் என்பவர், காப்பாபிளாங்கா என்ற மேதைக்கு எதிரா கறுப்பில் ஒரு புது காம்பிட் ஆடினார். எட்டாவது நகர்த்தலில் டி5. நல்லா தாக்கினார். ஆனா காப்பாபிளாங்கா ஒவ்வொரு அடியையும் தாங்கி 36-ஆவது நகர்த்தலில் ஜெயிச்சிட்டார். அன்னைக்கே அதைத் தூக்கிப் போட்டிருந்தா 'மார்ஷல் தாக்குதல்'னு ஒண்ணு இருந்திருக்காது. நூறு வருஷம் தாண்டியும் கிராண்ட்மாஸ்டர்கள் அதை ஆடுறாங்க. ஆர்மீனியாவில் பிறந்த ஆரோனியன் அதை நம்பி ஆடிப் பேர் வாங்கினவர். வெள்ளையில் இருக்கிறவங்க அதுக்குப் பயந்து முன்கூட்டியே வேற வழியில் திரும்பிப் போறாங்க. தோத்த ஆட்டத்தில் இருந்து பிறந்த ஆயுதம் அது.

நம்ம தமிழ்நாட்டுக் கதைக்கு வாங்க. மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோட உலகப் பட்டத்துக்கு மோதினார். கிராம்னிக் அசைக்க முடியாத மாதிரி ஆடுவார். அவருக்கு எதிரா மூணாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் ஆனந்துக்குக் கறுப்புக் காய். ரெண்டு ஆட்டத்திலும் பி5-இல் இருந்த சிப்பாயை வெட்டிக்கோன்னு விட்டுட்டு, யானையை ஜி8-க்குக் கொண்டு வந்து ராஜா மேல குறி வச்சார். ரெண்டிலும் ஜெயிச்சார். பட்டப் போட்டி 6½ - 4½ என்று முடிஞ்சது. ஆனந்த் ஜெயிச்ச மூணு ஆட்டத்தில் ரெண்டு கறுப்புக் காயில் ஆடினது! அந்தத் தொடக்கத்துக்கு காம்பிட்னு பேர் கிடையாது, 'மெரான்'னு சொல்வாங்க. அதை நான் மறைக்கல. ஆனா சிப்பாயைக் குடுத்துட்டுத் தாக்குதலை வாங்கிக்கிற எண்ணம் ஒண்ணுதான். ஆனந்த் பான் நகரத்தில் பதுங்கி ஆடியிருந்தா அவ்வளவு தெளிவா ஜெயிச்சிருப்பாரா?

நம்ம சென்னை குகேஷ் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயிச்சு, 18 வயசில் உலக சாம்பியன் ஆனாரே, அந்தக் கடைசிப் பதினாலாவது ஆட்டமும் கறுப்புக் காய்தான். அது காம்பிட் இல்லை. ஆனா டிரா ஆனா அடுத்த நாள் பார்த்துக்கலாம்னு அவர் நினைக்கல. கடைசி வரைக்கும் இழுத்து ஆடினார். கறுப்புன்னா டிராவுக்குத்தான் லாயக்குன்னு நினைக்கிறது எவ்வளவு பெரிய தப்புன்னு இதில் இருந்து தெரியுதில்லையா?

"கோட்டை மாதிரி உள்ளேயே இரு"ன்னு சார் சொல்றாங்க. நம்ம மலைக்கோட்டையையே எடுத்துக்குவோம். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் 1605-இல் கட்டத் தொடங்கினது. எவ்வளவு உயரம், எவ்வளவு வழுக்குப் பாறை! அப்படிப்பட்ட கோட்டையும் கைமாறிக்கிட்டேதான் இருந்துச்சு. 1790-இல் கம்பெனிப் படை பிடிச்சது. கோட்டை வேணும். ஆனா கோட்டை மட்டும் போதாது.

இப்ப என் பக்கம் மட்டுமே பேசாம, எப்ப காம்பிட் ஆடக் கூடாதுன்னும் சொல்லணும். அப்பத்தான் நியாயம்.

ஒண்ணு: பொறி வைக்க மட்டும் ஆடக் கூடாது. கறுப்பில் 'புடாபெஸ்ட் காம்பிட்'னு ஒண்ணு இருக்கு. வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6. வெள்ளை சி4, கறுப்பு இ5. வெள்ளை அதை வெட்டும், நம்ம குதிரை ஜி4 போகும். வெள்ளை மந்திரி எஃப்4, நம்ம அடுத்த குதிரை சி6. வெள்ளை குதிரை எஃப்3, நம்ம மந்திரி பி4-இல் செக். வெள்ளை பி1 குதிரையை டி2-இல் வச்சு மறைக்கும், நம்ம ராணி இ7. வெள்ளை ஏ3 தள்ளி மந்திரியை மிரட்டும், நாம கண்டுக்காம ஜி4 குதிரையால இ5 சிப்பாயை வெட்டணும். ஆசைப்பட்டு வெள்ளை மந்திரியை வெட்டினா, இ5 குதிரை டி3-க்குத் தாவும். செக்மேட்! எட்டே நகர்த்தல். இ2 சிப்பாயால குதிரையை வெட்ட முடியாது, பின்னால நம்ம ராணி பார்த்துட்டு நிக்குது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆடிப் பாருங்க, ஜாலியா இருக்கும். ஆனா ஒரு தடவை ஏமாந்தவங்க மறுதடவை ஏமாற மாட்டாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு ஆடத் தெரியணும்.

ரெண்டு: என்ன கிடைக்கும்னு வாயால சொல்ல முடியலைன்னா குடுக்கக் கூடாது. 'இந்த வரிசை எனக்கு, இந்தக் கட்டம் எனக்கு'ன்னு விரல் விட்டுச் சொல்லத் தெரியணும். நான் ஒன்பதாவது நகர்த்தலில் இதைத்தான் மறந்தேன்.

மூணு: அணிக்கு டிரா போதும்னா அன்னைக்கு ஆடக் கூடாது. அது நம்ம ஒருத்தர் ஆட்டம் மட்டும் இல்ல. இந்த ஒரு விஷயத்தில் சார் சொல்றதை முழுசா ஒத்துக்கிறேன். கம்ப்யூட்டரும் வோல்கா காம்பிட்டில் வெள்ளைக்குத்தான் கொஞ்சம் நல்லதுன்னு காட்டும். ஆனா நான் கம்ப்யூட்டர்கூட ஆடல. என்னைய மாதிரியே பென்சிலைக் கடிச்சுக்கிட்டு யோசிக்கிற ஒரு பொண்ணுகூட ஆடுறேன்.

நாலாவதா ஒண்ணு இருக்கு. எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

நம்ம பள்ளிக்கூடத்துச் சதுரங்கப் பெட்டியில் ஒரு கறுப்புச் சிப்பாய் தொலைஞ்சு போச்சு. அதுக்குப் பதிலா ஒரு புளியங்கொட்டை வச்சுத்தான் ஆடுறோம். அதை முதன்முதலா வச்சது என் தோழி ஒருத்தி. எட்டாம் வகுப்பு வரைக்கும் என் பக்கத்தில் உக்காந்தவ. எப்பவும் அவளுக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. நான் புளியங்கொட்டையைத்தான் பி5-இல் வைப்பேன். "குடுக்கிறதும் குடுக்கிற, கொட்டையவா குடுக்கிற"ன்னு சிரிப்பா. நூத்துக்கு எண்பது தடவை அவதான் ஜெயிப்பா. போட்டிக்கு அவதான் போயிருக்கணும், நான் இல்ல.

இந்த வருஷம் அவ வரல. மில் வேலைக்குப் போறா. "தம்பி படிப்புக்காக அந்தப் பிள்ளை தியாகம் பண்ணுது"ன்னு தெருவில் பெருமையாப் பேசுறாங்க. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கல. காம்பிட்டில் குடுக்கிறவ நான். எதைக் குடுக்கணும், எப்பக் குடுக்கணும், பதிலுக்கு என்ன வேணும்னு எண்ணிப் பார்க்கிறதும் நான். அவகிட்ட யாரு கேட்டா? அழிவது எது, ஆவது எதுன்னு யாரு எண்ணிப் பார்த்தா? யோசிக்கிறவங்க ஒரு பக்கம், வெட்டுப்படுறவ இன்னொரு பக்கம்னா அதுக்குப் பேரு காம்பிட் இல்ல. மரச் சிப்பாயையோ புளியங்கொட்டையையோ குடுக்கலாம். ஒரு பிள்ளையைக் குடுக்கக் கூடாது. அவங்க வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும், எங்க வீடும் அப்படித்தான். நான் யாரையும் திட்டல. பலகையில் போன சிப்பாய் திரும்பி வராது. ஆனா அவ திரும்பி வரலாம். ஆசிரியர்கள் ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசினா நல்லா இருக்கும். இதை எழுதினதுக்குத் திட்டினாலும் பரவாயில்லை.

கடைசியா சாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் மதிய இடைவேளையில் ஐந்து நாளும் ஐந்து ஆட்டம் வைங்க. பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காங்க யாரு வேணும்னாலும் வெள்ளையில் ஆடட்டும். எனக்கு எல்லாத்திலும் கறுப்பு. ஐந்திலும் வோல்கா காம்பிட் ஆடுவேன். இரண்டரைப் புள்ளிக்குக் கீழே எடுத்தா, மாவட்டப் போட்டியில் நீங்க சொல்ற மாதிரியே பதுங்கி ஆடுறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். இரண்டரையோ அதுக்கு மேலேயோ எடுத்தா கண்டிஷனை எடுத்துடுங்க. வேன்ல கர்ணன் தங்கச்சின்னு சொன்ன அண்ணனும் கட்டாயம் ஆட வரணும்.

ஒன்பதாவது நகர்த்தலுக்கு முன்னாடியே கோட்டை கட்டிடுவேன். சத்தியம்.



இப்படிக்கு,
புளியங்கொட்டைக்காரி,
ஒன்பதாம் வகுப்பு.